மூன்றும் ஆறும்

முக்கூடல் பீடிக் கம்பெனிக் கிளையில்
தண்ணீர் மோட்டார் போட்டால்
கணினிக்குத் தொடர்பு செத்துவிடுகிறது.
நிறுத்தினால் பிழைத்துக்கொள்கிறது.

சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் பச்சை.
ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு,
எங்கும் அறுபடவில்லை.
"பாத்தியளா, என் வேலையில குத்தமில்ல"
என்கிறார் மேலப்பாளையம் மதார் மைதீன்,
எழுபத்திரண்டு மீட்டர் கேபிளைச்
சுவரோரம் ஒரு நெளிவில்லாமல் இழுத்தவர்.

வரிசையில் முதல் ஆளாய், சொளவும் இடுப்புமாய்,
தங்கபுஷ்பம்:
"ஆயிரம் எண்ணிக் கெட்டியாச்சு.
அத இன்னொருக்க எண்ண
உங்க பெட்டிக்கு எத்தன நாளாகும்மா?"

பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீலம், பழுப்பு.
பந்தியில் உட்கார்த்தியதுபோல் ஒழுங்கு.
அங்கேதான் தப்பு.

நாலு ஜோடிக்கும் நாலு விதமான முறுக்கு.
ஒன்றின் பேச்சு அடுத்ததற்குக் கேட்கக் கூடாதென்று
செய்தவன் யோசித்துத்தான் முறுக்கியிருக்கிறான்.
மோட்டார் இரைச்சல் வந்து விழட்டும்,
சேர்ந்து முறுக்கிய இரண்டிலும் ஒரே அளவு விழும்.
மறுமுனை கேட்பது வித்தியாசத்தை மட்டும்.
சமமாய் நனைந்தவர்களிடம்
மழையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மூன்றும் ஆறும் ஜோடி.
நடுவில் நாலையும் ஐந்தையும் உட்காரவைத்துவிட்டு
தள்ளியிருந்தே சேர்ந்து பேச வேண்டியவை.
மைதீன் வரிசையில்
மூன்றில் வெள்ளைப்பச்சை, ஆறில் நீலம்.
அம்பாசமுத்திரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு,
அவ்வளவுதான் உறவு.
ஒருவர்மேல் விழுவது மற்றவர்மேல் விழவில்லை.
பத்து மீட்டர் என்றால் சமாளித்துப் போயிருக்கும்.

"அப்பம் கலரக் கலச்சு வைக்கதுதான் சரியாக்கும்?"
"ஆமா பாய்."
"அப்படி எவன் வச்சான்?"
தெரியாது. தெரியாதென்றே சொன்னேன்.

அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்காமல்
வெட்டி, மாற்றி, அழுத்தினேன்.
மறுமுனைக்கு நடந்துபோய் அங்கேயும்.
மோட்டாரைப் போடச் சொன்னேன்.

தொட்டியில் ஆற்றுத் தண்ணீர் ஏறும் சத்தம்.
திரையில் தங்கபுஷ்பம், ஆயிரம்.
சீட்டை வாங்கி
இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மைதீன் வீட்டுக்குப் போகவில்லை.
கட்டிடத்தில் இன்னும் பதினொரு முனை இருக்கிறது.
எல்லாம் அவர் கை.
எல்லாம் அதே அழகான வரிசை.
ஒன்றும் பேசாமல்
எனக்கு முந்தி
ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டார்.