ஊசி போடாத ஒருத்தி

மண்டபம் முகாமில் நான் கம்பவுண்டர்.
தலைமன்னார்க் கப்பலுக்கு முன்
ஆறு நாள் அடைத்துவைப்போம் சனங்களை.
சுடுதண்ணீர், மருந்துப் பொடி, அம்மை ஊசி,
கழுத்தில் தகர வில்லை.
தேயிலைக்குப் போகிறவர்களின் பெயர்களை
நான்தான் எழுதினேன், பாதி தப்பாக.

வேலிக்கு வெளியே தாழங்குடையின் கீழ்
ஒரு வெள்ளைக்காரி வரைந்துகொண்டிருப்பாள்.
ரிஃப்கா. யூதச்சி.
'நம்ம ரபீக்கா மாதிரி' என்று
வேதாளைப் பெண்கள் கிட்டங்கியின் பின்னறையைத் தந்தார்கள்.
கொழும்புக்குப் போக வந்தவளை
ஏதோ முத்திரை சரியில்லையென்று
இந்தக் கரையிலேயே விட்டுவிட்டார்களாம்.

திங்கள்தோறும் ராமநாதபுரத்து ஏட்டு வருவார்
'எதிரி தேசத்தவர்' பதிவேட்டில் கையெழுத்து வாங்க.
அந்த எதிரிக்கு நான்தான் எதிரி, என்பாள்.
அதுக்குக் கட்டம் இல்லையேம்மா, என்பார்.

சாயம் தீர்ந்த வருசம் அரிசியும் தீர்ந்தது.
விளக்குக் கரி, சலவை நீலம், காவிக்கட்டி,
சுட்ட சிப்பிச் சுண்ணாம்பு.
துணிக்கு, கயித்தானின் பழைய வத்தைப் பாய். கடனாக.
அதில் எங்கள் வரிசையை வரைந்தாள்.
பிள்ளையை இடுப்பு மாற்றுகிற பேச்சிக்கு
பாயின் ஒட்டுத்தையலே இடுப்பாயிற்று.
மொட்டையடித்த மூன்று பையன்கள்.
ஊசியோடு என் கை;
கை மட்டும்.

பேச்சிக்குப் பின்னால்
கணுக்கால்வரை கம்பளிக் கோட்டு உடுத்த ஒருத்தி.
நான் சிரித்துவிட்டேன்.
இந்த வெக்கையில் கோட்டா?
எந்தக் கங்காணி கூட்டிவந்தான் இவளை?

'என் அக்கா' என்றாள்.
'அங்கேயும் வரிசைதான்.
பெயர் எழுதினவனின் கை
ரொம்பச் சுத்தமாக இருந்ததாம்.
பக்கத்து வீட்டுக்காரி கடுதாசி போட்டிருந்தாள்.'

வேட்டியில் என் கையைத் துடைத்துக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

ஐப்பசியில் கயித்தான் வந்து நின்றான்.
கடையில் முழத்துணி கிடைக்கவில்லை,
இருந்த பாயும் கிழிந்தது,
வீட்டில் நாலு வயிறு.
அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
மடித்துக் கொடுத்தாள்
கோட்டுக்காரி உள்பக்கம் வரும்படி.

சவுக்காரத்தில் ஊறவைத்துக் கல்லில் அடித்தான்.
நீலம் போயிற்று. காவி பாதி போயிற்று.
கரி போகவில்லை.

வாடைக்குப் பாய் விரிந்த காலையில்
நாங்கள் இருவரும் கரையில் நின்றோம்.
காற்று நிறைந்ததும்
வரிசை நிமிர்ந்தது.
பேச்சிக்கு வயிறு தள்ளிற்று.
ரிஃப்கா விரல் விட்டு எண்ணினாள், அவள் பாஷையில்,
முசல்தீவுப் பக்கம் வத்தை மறையும் மட்டும்.

வில்லை இல்லாமல், முத்திரை இல்லாமல்,
ஊசி போடாமல் ஒருத்தி
கடல் தாண்டிக்கொண்டிருந்தாள்.
முகாம் விதிப்படி நான் தடுத்திருக்க வேண்டும்.

பெயரையாவது கேட்டிருக்கலாம்.