மூலைச் சோதனை

கல்வி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில்
"தொழிலக அனுபவம், ஐந்து வேலை நாள்கள்" என்றிருந்தது.
இருபத்திரண்டு வருடமாக விழுக்காடு கற்பிக்கிறவளுக்குத்
தராசுத் தொழிற்சாலை ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள்,
ஆல்ப்ஸ்டாட் மலைச்சரிவில்.
கோழிக்கடைக்கும் நகைக்கடைக்கும் சரக்குக் கிடங்குக்கும்
ஒரே கூரையின் கீழ் தராசு செய்கிற இடம்.

திங்கள், காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள்.
ஆறு மூன்றுக்குப் போனேன்.
வாசல் கருவி என் அட்டையை உரசிப் பார்த்துவிட்டு
மூன்று நிமிடத்தைக் கால் மணியாக எழுதிக்கொண்டது.
தாமதமாக வரும் பிள்ளைகளிடம்
நான் கேட்கிற எதையும் அது கேட்கவில்லை.
பஸ் வரவில்லை என்று சொல்ல
ஆயத்தமாக இருந்தேன்.
பஸ் சரியாகத்தான் வந்திருந்தது.

என்னை டிராகிட்சாவிடம் ஒப்படைத்தார்கள்.
குட்டை முடி, கழுத்துச் சங்கிலியில் மூக்குக்கண்ணாடி.
வாக்கியத்தின் நடுவே எடைக்கல்லை எடுத்தால்
அதை வைத்த பிறகுதான்
மீதி வாக்கியம் வரும்.

எடைக்கல்லை வெறுங்கையால் தொடக் கூடாது.
விரலின் எண்ணெயும் கல்லோடு சேர்ந்து
எடையாகிவிடும்.
முதல் நாளே தொட்டேன்.
அவள் கத்தவில்லை.
நோட்டை எடுத்துத் தேதி எழுதி, கல்லின் எண் எழுதி,
"வெறுங்கை" என்று எழுதி,
கல்லைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாள்.
"இனி நாளைக்குத்தான். அறையின் சூட்டுக்கு அது பழகணும்."
என் பெயரை எப்போது எழுதுவாள் என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அந்த நோட்டில் பெயருக்குக் கட்டமே இல்லை.

செவ்வாய் முழுக்கக் காபி, காத்திருப்பு.
உணவு அறையில் ஒருவர் கேட்டார்:
உங்களுக்கெல்லாம் கோடையில் ஆறு வாரம் லீவாமே?
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.
அவர் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுத் தந்தார்.
கேலியா பரிவா, இன்றுவரை தெரியாது.

புதன்கிழமை மூலைச் சோதனை.
ஐந்து கிலோ கல்லைத் தட்டின் நடுவில் வைத்தாள்.
5.000
முன் இடது மூலை. 5.000
முன் வலது. 5.000
பின் வலது. 5.000
பின் இடது.
4.992
அதே கல். அதே கை.
"நடுவில் வைத்தால் எல்லாத் தராசும்"
கல்லைத் தூக்கினாள், பெட்டிக்குள் இறக்கினாள்,
"யோக்கியம்தான்."

எட்டு கிராம்தானே என்றேன்.
"தங்கமா இருந்தால்?"
கொஞ்ச நேரம் கழித்து,
"கோழியா இருந்தாலும்."

தட்டைக் கழற்றி, உள்ளிருந்த உலோகக் கட்டையில்
சின்ன அரத்தால் ஒரு தூசி அளவு உரசினாள்.
மாட்டி, வைத்து, பார்த்தாள். 4.993.
கழற்றினாள். உரசினாள்.
பதினோரு தடவை.
பதினோரு தடவையும்
கல்லின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

மாலை ரயிலில், கண்ணை மூடிக்கொண்டு,
ஏழாம் வகுப்பின் இருக்கைகளை வரிசையாக எண்ணினேன்.
கடைசி வரிசை, இடது ஓரம், ரேடியேட்டர் பக்கம்
வால்ட்ரின்.
மூன்று பருவமாக எடை குறைவு.
எண் உடனே வந்துவிட்டது.
முகம் வர ஹெச்சிங்கன் தாண்ட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு படிவம் தந்தார்கள்.
"கற்றதை வகுப்பறையில் எவ்வாறு பயன்படுத்துவீர்கள்?
மூன்று வரிகளில் எழுதுக."
விழுக்காட்டுக் கணக்குக்குப் புதிய எடுத்துக்காட்டுகள் கிடைத்தன.
பாதுகாப்புக் காலணியை இன்னும் ஒரு அளவு பெரிதாகத் தரலாம்.
மூன்றாவது வரியில் பேனாவை வைத்தபடி
இருந்தேன்.

பிறகு எழுந்து போய் டிராகிட்சாவிடம் கேட்டேன்:
அந்த அரம் எங்கே கிடைக்கும்?
"இரும்புக் கடையில். நாலு யூரோ."
ஒரு கல்லை எடுத்தாள்.
பின் இடது மூலையில் வைத்தாள்.
எண் நிற்கும்வரை பார்த்தாள்.
"உரசினதைத் திரும்ப ஒட்ட முடியாது,
பார்த்துக்கோ."