ஒரு தடவைக்கு ஆறு உருப்படி

முதலில் கடுப்பு. அதுதான் கைவசம் நிறைய.

ஆகஸ்ட் மாதம். வெளியே நாற்பத்தாறு டிகிரி.
கார்க்கதவைத் தொட்டால் விரல் வெந்துபோகும் மனாமாவில்
வந்து இறங்கியிருக்கிறது
கம்பளி ஓவர்கோட், இருபத்துநான்கு பெட்டி.
எங்கோ குளிர்நாட்டில் யாரோ முடிவுசெய்துவிட்டார்கள்
நமக்கு இலையுதிர்காலம் என்று.
இங்கே உதிர ஏது இலை.
ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்தான்.

இந்த வருடத்து நிறம் மணல்.
மணல் சட்டை, மணல் பாவாடை, மணல் செருப்பு.
ஜன்னலைத் திறந்தால் சும்மா வருவதைக்
காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

ஃப்ரீ சைஸ் என்று ஒரு சீட்டு.
அந்த ஃப்ரீ யாருக்கு என்று தெரிந்தால் சொல்லுங்கள்,
என் முழங்கைக்கு மேல் அது ஏறவில்லை.

கழற்றியதைக் கழற்றிய வாக்கில்
உள்வெளி மாறித் தரையில் விட்டுப்போகிறவர்கள்.
(இவர்களுக்கு வீட்டில் யார்?)

பிறகு என் பேட்ஜ்.
தில்லைக்கரசி நீளமாம்.
வெட்டித் தைத்து டில்லி ஆக்கிவிட்டார்கள்.
டில்லியில் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள் வருகிறவர்கள்.
சிதம்பரம் பக்கம் என்கிறேன்.
தலையாட்டுகிறார்கள்.

சரி, பிடித்தது.

வெள்ளிக்கிழமை, பாலம் தாண்டிச் சவூதியிலிருந்து வந்தவள்.
கறுப்பு அபாயா. ஒரு பூ இல்லை, ஒரு கல் இல்லை.
கொக்கியில் பையை மாட்டக் கையை உயர்த்தினாள்.
கையின் உட்பக்கம்
ஆரஞ்சு நூலில் குட்டிக் குட்டி மீன்கள்.
யார் தைத்தது, என் அரைகுறை அரபியில் கேட்டேன்.
நான்தான். மீட்டிங்கில் அலுத்தால் எண்ணுவேன் என்றாள்.
பதினேழு.
இந்த வாரத்து முதல் பரிசு அந்தப் பதினேழுக்கும்.

அடுத்தது பாக்கெட் வைத்த கவுன்.
போட்டுப் பார்த்த அத்தனை பேரும்
வயது வித்தியாசம் இல்லாமல்
இரண்டு கையையும் உள்ளே விட்டு
கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்கள்.
உள்ளே ஒன்றும் இல்லை. சும்மா.

வியாழன் இரவு பத்தரைக் காட்சி.
ஊருக்கு ஒரு நாள் முன்னால் எங்களுக்குப் படம்,
அதற்காக மட்டும் இந்த வெயிலை மன்னிக்கலாம்.
பனிமலையில் நாயகனுக்குக்
கழுத்து மூடிய ஸ்வெட்டர், கோட்டு, கையுறை.
நாயகிக்கு ஷிஃபான். முதுகில் ஒரு நாடா.
பக்கத்தில் மரிசெல், ஒரு சொல் தமிழ் தெரியாது,
அவளுக்கும் ஒரு கோட்டுக் கொடுங்களேன் என்று
திரையைப் பார்த்துக் கத்தினாள்.
எங்களிடம் இருபத்துநான்கு பெட்டி இருக்கிறது!

அதே படத்தில் வில்லன்
அரை நிமிடம் மூச்சுவிடாமல் திட்டுகிறான்,
அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது.
கீழே அரபியில் இரண்டே சொல்:
சகோதரா, போதும்.
இனி என் சண்டைகளுக்கெல்லாம்
அந்த மொழிபெயர்ப்பாளரை அனுப்பி வையுங்கள்.

செவ்வாய் எனக்கு விடுமுறை.
வேறொரு மாலில், வேறொரு கடையில்
மஞ்சள் கவுன். பத்தொன்பது தினார்.
வாங்கப் போவதில்லை, அது எனக்கும் கவுனுக்கும் தெரியும்.
வாசலில் நின்றவள் கேட்டாள்: எத்தனை?
ஒன்று.
ஒன்று என்று போட்ட அட்டையைத் தந்தாள்.
உள்ளே நல்ல விளக்கு. எங்கள் கடையில்
உச்சந்தலையில் அடிக்கிற விளக்கு,
ஆரோக்கியசாலிக்கும் மஞ்சள்காமாலை காட்டும்.
இங்கே நான் கொஞ்சம் அழகாகவே இருந்தேன்.
இரண்டு நிமிடம். மூன்று.

கதவுக்கு அடியில் அவள் ஷூ தெரிந்தது.
வலது காலிலிருந்து இடது காலுக்கு
எடையை மாற்றினாள், மறுபடி மாற்றினாள்.
ஐந்தாவது மணிநேரத்து நிற்பு அது.

கழற்றினேன். உள்வெளி சரிபார்த்து
மேல் பட்டனைப் போட்டு
தோள் வழுக்காமல் ஹேங்கரில் மாட்டி
விலைச்சீட்டு வெளியே தெரியும்படி நீட்டினேன்.

கவுனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
எந்தக் கடை என்றாள்.