காரணம்: மற்றவை

நான்காவது பலகை இது.
மேல் வரியில் நார்வே மொழியில் ஸ்டெய்ன்டாலன்.
கீழ் வரியில், சாமி மக்களாகிய எங்கள் மொழியில்,
கெயத்கெவாக்கி.
இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், கல் பள்ளத்தாக்கு.
கற்களுக்கு ஆட்சேபணை இருந்ததில்லை.

ஏழு துளை. ஏழும் கீழ் வரியில்.
மேலே ஒரு கீறல் கிடையாது.
ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒட்வார் சொல்கிறான்:
"நல்ல குறிகாரன்தான், ராவ்த்னா."
இருக்கலாம்.
இந்த ஊரில் மொத்தம் நூற்றுப் பதினோரு பேர்.
பெட்ரோல் பங்கில் எனக்குக்
கதவைத் திறந்து பிடிக்கும் கைகளில்
ஒரு கை அது.

சாலைத் துறைப் படிவத்தில்
சேதத்தின் காரணத்துக்குக் கட்டங்கள் உண்டு.
பனி. வாகனம். கலைமான். துரு. மற்றவை.
மூன்று முறையும் மற்றவையில் டிக் அடித்தேன்.
எங்களுக்குப் பழகிய கட்டம்தான்.

முதல் பலகை நட்ட ஆண்டு
அப்பாவை லாரியில் ஏற்றி வந்தேன்.
ஏழு வயதில் விடுதிப் பள்ளிக்குப் போனவர்.
அங்கே பசித்தாலும் சிறுநீர் முட்டினாலும்
மேல் வரியின் மொழியில்தான் சொல்ல வேண்டும்.
கீழ் வரியின் மொழியில்
நாய்களைத் திட்டியிருக்கிறார், கடன் கேட்டிருக்கிறார்,
அம்மாவைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார்.
எழுத்தில் கண்டதே இல்லை.
அறுபத்து மூன்று வயதில்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டு
கூட்டினார்: கெ... யத்... கெ...
பிறந்ததிலிருந்து வாயில் இருந்த ஊரை
யாரோ அந்நியர் வீட்டுக் கதவு எண்ணைப் போல.
கடைசி எழுத்து வந்ததும்
"ஓ, நம்ம ஊரா" என்றார்.
நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.
வீடு வரும்வரை அவர் பேசவில்லை.

விதிப்படி இரு பெயரும்
ஒரே உயரம், ஒரே தடிமன், ஒரே கறுப்பு.
டேப் வைத்து அளந்திருக்கிறேன்.
ஒரு மில்லிமீட்டர் குறையவில்லை.
அலுமினியத்தில் சமத்துவம் இவ்வளவு.
சுடுகிறவனிடம் டேப் இல்லை.

"ஒரு தடவை மாற்றிப் போட்டுப் பார்ப்போமா?
உங்க பேர் மேலே, எங்களது கீழே?"
ஒட்வார் கேட்கிறான், பாதி விளையாட்டாக.
வரைபடத்தில் அப்படி இல்லை என்கிறேன்.
"சரி, அப்போ அவன் எங்கே சுடுவான்?"
இருவரும் பலகையையே பார்க்கிறோம்.
ஏழு துளையிலும் காற்று புகுந்து
ஒன்றோடொன்று சேராமல் ஊதுகிறது.

பழையதை வண்டியில் போடுகிறேன்.
முதல் மூன்றும் என் விறகுக் கொட்டகைக்குக் கூரை.
மழை வந்தால் ஒழுகும்,
பெயர் இருக்கும் இடத்தில் மட்டும்.

புதியதன் போல்ட்டை முடுக்கிவிட்டு
கையுறை கழற்றிப் படிவத்தை எடுக்கிறேன்.
மைனஸ் பதினான்கு.
பேனா எழுதவில்லை, வாயருகே வைத்து ஊதுகிறேன்.
மற்றவை.
அதன் பக்கத்தில், "விவரம்" என்று போட்டு
இதுவரை நான் காலியாக விட்ட கோட்டில்
எழுதுகிறேன்:

சுட்டவருக்கு
கீழ் வரி வாசிக்கத் தெரிந்திருக்கிறது.