மிதப்பு

கிட்வே சந்தையில்
எனக்கும் ஒரு பச்சைக் குடை, கசோண்டேவுக்கும் ஒரு பச்சைக் குடை.
கம்பெனி கொடுத்தது. ஒரே துணி, ஒரே கம்பி.
காற்றடித்தால் இரண்டும் ஒரே பக்கம்தான் சாயும்.

போனில் வந்த பணத்தைத் தாளாக எண்ணிக் கொடுப்பது எங்கள் வேலை.
அதற்குக் கையில் வைத்திருக்கும் முதலுக்கு
பயிற்சிக்கு வந்தவர் 'மிதப்பு' என்று பெயர் சொன்னார்.
தண்ணீர் கணுக்கால் அளவென்றால்
படகு தரைதட்டும் என்பதைச் சொல்லவில்லை.

என் மிதப்பு ஆயிரத்து இருநூறு குவாச்சா.
அவனுடையது எவ்வளவென்று தெரியாது.
காலையில் அவன் பையைத் தூக்கிவரத்
தனியாக ஒரு பையன் இருக்கிறான்.

"இல்லை" என்று இரண்டு முறை சொன்னால் போதும்,
மூன்றாம் முறை அந்த ஆள் என் குடையை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

செம்புச் சுரங்கத்தில் சம்பளம் போடும் நாளில்
எல்லார் போனும் ஒன்றாகக் கூவும்.
பத்தேகாலுக்கு என் டப்பா காலி.
பிறகு எதிர் வரிசையை எண்ணிக்கொண்டிருப்பேன்.
நாற்பத்தொன்று வரை எண்ணியிருக்கிறேன்.

ஒருநாள் கணக்குப் போட்டேன்:
ஐந்து வருஷத்தில் ஒரு மாடிவீட்டின் விலை
இந்த விரல்களைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.
விரலில் ஒட்டியது இரண்டு வரிசைச் செங்கல்.

கசோண்டே கெட்டவனுமில்லை, ஏசுவதற்கு.
அவனிடம் சில்லறை தீர்ந்தால்
என்னிடம்தான் ஆளனுப்புவான்.

போன செவ்வாய் சிக்னல் விழுந்தது.
எங்கோ கேபிள் அறுந்துவிட்டதாம்.
என் போனில் சுற்றிய அதே வட்டம்
அவன் போனிலும் சுற்றியது.
ஜிப் திறக்காத அவன் பை
வெறும் பையாகக் கிடந்தது.

வரிசை குலைந்து நிழல் தேடியது.
என் குடையடியில் ஆறு பேர்.
சுரங்கத் தொப்பிக்காரர் ஒருவர்
கடன் சொல்லி வாங்கிய விதும்புவாவை
ஆளுக்கொன்று நீட்டினார். இன்னும் சூடு.
கசோண்டே தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு
இந்தப் பக்கம் வந்தான்.

"உனக்கு எத்தனை பிள்ளைகள்?"
ஐந்து வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டான்.
இரண்டு என்றேன்.
மூத்தவள் லுஷோமோ, எட்டாவது படிக்கிறாள், அடுத்து

எல்லார் பையிலும் கூவல்.

ஆறு பேரும் போனார்கள். ஸ்டூலும் போயிற்று.
எண்ணெய் ஊறிய காகிதம் மடியில்.
இளையவன் பெயர்
வாயிலேயே நின்றது,
பாதி மென்ற மாவோடு.