எலியைத் தேடி வந்ததற்கு

உன்னிடம்தான் பேசுகிறேன்.
எலியின் நுரையீரலுக்குப் போக வேண்டிய நீ
என் வீட்டுக்காரர் மண்டைக்குள் வந்து நிற்கிறாய்.

டாக்டர் நூருல் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்:
எலி, எலியின் எச்சம், அதை மேய்ந்த நத்தை,
நத்தையைத் தின்ற இன்னோர் எலி.
வட்டத்துக்கு வெளியே ஒரு மனிதனை வரைந்துவிட்டு
மன்னிப்புக் கேட்பதுபோலப் பேனாவை மூடினார்.

பாயான் லெப்பாஸ், தொழிற்சாலைப் பின்பக்கம்,
மழை விட்ட சனிக்கிழமை.
கால்வாய்ச் சுவரில் ஓடில்லாத நத்தை ஒன்று.
ஐம்பது வெள்ளி, என்றான் ஜெகதீபன்,
முழுங்கு பார்ப்போம்.
முழுங்கினார்.
மைலோவில் வாய் கொப்பளித்தார்.
வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் கழுத்து.
அப்புறம் தலை, அடுப்பில் ஏற்றிய மாதிரி.
அப்புறம் தோல்:
போர்வை பட்டால் நெருப்பு,
காற்றாடிக் காற்று பட்டால் நெருப்பு,
என் வளையல் உரசியதற்கு அவர் போட்ட சத்தத்தில்
கழற்றிக் கைப்பையில் போட்டதுதான், இன்னும் அங்கேயே கிடக்கிறது.
நான் இரண்டாகத் தெரிகிறேனாம்.
"ரெண்டு பேரும் சேர்ந்து திட்டாதீங்க" என்றார்.

முதுகில் ஊசி இறக்கி நீர் எடுத்தார்கள்.
கொஞ்சம் தூங்கினார்.
உன்னைக் கொல்ல மருந்து கேட்டேன்.
செத்தால் இன்னும் வீங்கலாம் என்றார்கள்.
எப்படியும் சாவாய், இங்கிருந்து உனக்கு வழியில்லை,
அதுவரை வீக்கத்துக்கு மாத்திரை,
எனக்கு நாற்காலி.

நேற்று ஜெகதீபன் வந்தான்.
நடுங்கிக்கொண்டு ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினான்.
உள்ளங்கையில் தாள் பட்டதும் இவர் அலறினார்.
அது சுழன்று கட்டிலுக்கடியில் போய் விழுந்தது.
யாரும் குனியவில்லை.

ராத்திரி, வார்டில் விளக்கை மங்கவைத்த பிறகு
ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன், தொடாமல்.
நீயோ உள்ளேயே இருக்கிறாய்.
கோமளேஸ்வரி என்ற பெயரை
அங்கேதான் எங்கோ வைத்திருக்கிறார்.
பதினோரு வருடம் முந்தி
தெலுக் பகாங் பேருந்தில் எனக்காக
இடம் பிடித்து வைத்ததும் பக்கத்திலேயே இருக்கும்.
பார்த்து நட.

எலி இல்லை அங்கே.
ஐம்பது வெள்ளிக்கு நத்தை விழுங்கிய
ஒரு மடையன்தான் இருக்கிறான்.
அவன் எனக்கு வேண்டும்.