உறவுமுறை

வெள்ளவத்தையில் முதல் வீட்டு ஐயா
என் முகத்தைப் பார்க்காமல்
"எந்த இடம்?" என்றார்.
மஸ்கெலியா என்றேன்.
"ஓ, தோட்டமோ" என்றவர்
அறை நேற்றே போய்விட்டதென்றார்.
கேற்றில் 'வாடகைக்கு' அட்டை
கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தெஹிவளையில்
கணவர்மார் எப்போது வருவார்கள் என்று கேட்டார்கள்.

கிருலப்பனையில் சமன்மலி பேசினாள்.
அவள் சிங்களத்துக்குக் கதவுகள் கொஞ்சம் அகலம்.
ஆனாலும் வீட்டுக்கார அம்மாவின் கண்
இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்த
ஒற்றைப் பயணப்பையில் வந்து நின்றது.
"இது யார்?"

ஒரே மொழியில் பிறந்திருந்தால்
அக்கா தங்கை என்றிருப்போம்.
எத்தனை பெண்கள் அந்தச் சொல்லைப் போர்த்திக்கொண்டு
ஒரே பாயில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.
எங்களுக்கு அந்தப் பொய்யும் வாய்க்கவில்லை.

சமன்மலி என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"வீட்டு வேலைக்கு வைத்திருக்கிறேன்."

அம்மாவின் முகம் தெளிந்தது.
என் நிறத்தை ஒருமுறை,
அடையாள அட்டையில் என் பெயரை ஒருமுறை பார்த்தார்.
கணக்குச் சரியாக வந்துவிட்டது.
பொலிஸ் படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்தைத்
தானே நிரப்பினார், எழுத்துப்பிழை இல்லாமல்.

புறக்கோட்டையில் இரும்புக்கடைக்குக் கணக்கெழுதுகிறவள் நான்.
வாடகை என் சம்பளத்தில்.
முதலாம் திகதி படிக்கட்டு வளைவில் வைத்து
காசை அவள் கைக்கு மாற்றுவேன்.
அவள் போய்க் கொடுப்பாள்.
அவளுக்குப் பூப்போட்ட கோப்பையில் தேநீர் வரும்,
எனக்குக் காது உடைந்ததில், வாசற்படியில்.
நூற்றிமுப்பத்தெட்டு பஸ்ஸில்
இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.
இரவு, தாழ்ப்பாள் போட்ட பிறகு,
மின்விசிறியை நிறுத்திவிட்டு
என் முடியில் ஒட்டிய துருத்தூளை
ஒவ்வொன்றாய் எடுப்பாள்.

எட்டு மாதம் சிரித்தோம்.

போன வெள்ளி,
சலூனில் நாள் முழுக்க நின்ற கால்களோடு வந்தாள்.
கதவு சாத்தியிருந்தது.
நடிப்பைப் பார்க்க ஒருவரும் இல்லை.
தரையைத் துடை என்றாள்.

சிங்களத்தில் ஏவலுக்குப் பல வால்கள் உண்டு.
இது நாய்க்கும் வேலைக்காரிக்கும் வைத்திருப்பது.
இதுவரை என்னிடம் பேசாதது.

அவளுக்கும் கேட்டது.
சீப்பு முடியில் பாதியில் நிற்க
அப்படியே நின்றாள்.
கீழே அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

நான் துணியை எடுத்தேன்.
ஏனென்று தெரியவில்லை.
தரை உண்மையிலேயே
அழுக்காகத்தான் இருந்தது.